செக் எஞ்சின் விளக்கு அணைய மறுத்தால்: பழைய காரில் எங்கிருந்து தேடுவது

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு டாஷ்போர்டில் எரியும் அந்த மஞ்சள் எஞ்சின் படம் ஒரு கட்டத்தில் பழகிப்போய்விடும். முதல் நாள் பதறுவோம். பத்தாம் நாள் அது எரிவதே கண்ணில் படாது. சின்னக் கோளாறுக்காக எரிந்துகொண்டிருக்கும் விளக்குக்குப் பின்னால் பெரிய கோளாறு ஒன்று வந்து சேர்ந்துகொண்டாலும் நமக்குத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம். புதிதாக எரிய அங்கே வேறு விளக்கு இல்லை.

கீழே சொல்லியிருப்பது பெட்ரோல் வண்டிக்கு. அதிலும் ஒன்றிரண்டு பாகங்களை மாற்றிப் பார்த்து, அப்புறமும் விளக்கு திரும்பி வருகிறதே என்று நொந்துபோயிருப்பவர்களுக்கு. உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட்டுப் போங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன்

ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் படும் இடத்தை ஒட்டி, 16 பின் சாக்கெட் ஒன்று இருக்கும். ஓபிடி-2 என்பார்கள். அமெரிக்காவில் 1996 மாடல் முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இது கட்டாயமானது. அதில் ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகி, கைப்பேசியில் செயலியைத் திறந்தால் எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூ சேமித்து வைத்திருக்கும் எரர் கோடை, அதாவது கோளாறுக்கான குறியீட்டு எண்ணை, படித்துவிடலாம். அதற்கும் முந்தைய வண்டி என்றால் இரண்டு பின்களை ஒயரால் இணைத்து, விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ண வேண்டியிருக்கும். எந்த இரண்டு பின் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் புத்தகத்தைப் பார்க்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

கோடு வந்ததும் பலரும் செய்யும் முதல் காரியம் 'அழி' பொத்தானை அமுக்குவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோடுடன் சேர்த்து ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பதிவும் உள்ளே இருக்கும். கோளாறு பதிவான அந்த நொடியில் எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, ஆர்பிஎம் எவ்வளவு, வண்டி எந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தது எல்லாம் அதில் இருக்கும். அழித்தால் இதுவும் போய்விடும். முதலில் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 'பெண்டிங்' என்ற பட்டியலில் ஏதாவது இருந்தால் அதையும்.

அப்புறம், கோடை எப்படிப் படிப்பது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். பி0171 என்று வந்தால் செயலி அதன் கீழே 'லீன், பேங்க் 1' என்று எழுதும். லீன் என்றால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். பேங்க் 1 என்பது முதல் சிலிண்டர் இருக்கும் வரிசை. இதைச் சொல்வது எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். உடனே 'ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு, மாத்திடலாம் சார்' என்று யாராவது சொல்வார். காய்ச்சல் 102 என்று காட்டுகிறது, தெர்மாமீட்டரை மாற்றிவிடலாம் என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. சென்சார் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய வண்டியில் சென்சார்களைவிட அவற்றைச் சுற்றியுள்ள ரப்பர் ஹோஸ்களும் கனெக்டர்களும் எர்த் ஒயர்களும்தான் முதலில் கெடுகின்றன. எட்டு பத்து வருடம் பானட்டுக்குள் வெந்துகொண்டிருந்த ரப்பர் அல்லவா.

விளக்கு மினுக்குகிறது

நிலையாக எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியே போகிறது என்று பொருள். மிஸ்ஸிங் என்பது இதைத்தான். அந்தப் பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே இருக்கும் செராமிக் தேன்கூடு அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரில் இருந்து காலைத் தளர்த்தி, பாதுகாப்பான இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயில் ஒன்று போனதோடு முடிய வேண்டிய செலவு கன்வெர்ட்டர் வரை போவது இப்படித்தான்.

சிவப்பில் எரியும் ஆயில் கேன் விளக்கும், டெம்பரேச்சர் விளக்கும் இந்தக் கணக்கில் சேராது. அவை வந்தால் எஞ்சினை அப்போதே அணைக்க வேண்டும்.

சிக்னலில் நின்றால் நடுங்குகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது

பி0301, பி0302, பி0303 என்று வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று ஈசியூவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டியா? காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பி0302 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டாவதில். கோடை அழித்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டுங்கள். அடுத்து பி0303 வந்தால் காயில்தான் திருடன். பி0302ஆகவே இருந்தால் காயில் நல்லது. அதே மாதிரி பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள், பிறகு முடிந்தால் இன்ஜெக்டரை. மூன்றுமே இடம் மாறிய பிறகும் கோடு அசையவில்லை என்றால், அந்தச் சிலிண்டருக்குப் போகும் ஒயரையும் கம்ப்ரெஷனையும் பார்க்க வேண்டியதுதான். வால்வு சரியாக உட்காராத சிலிண்டரில் எத்தனை புதுக் காயில் போட்டாலும் நடுக்கம் நிற்காது.

காயிலைக் கழற்றும்போதே அதன் அடிப்பக்க ரப்பரைக் கவனியுங்கள். அது எண்ணெயில் முக்கி எடுத்த திரி மாதிரி சொட்டச் சொட்ட வந்தால் மேலே வால்வு கவர் கேஸ்கட் ஒழுகி, பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருக்கிறது. அந்த ஆயிலில் ஊறி ரப்பர் உப்பி, ஸ்பார்க் பிளக்குக்குப் போகாமல் பக்கவாட்டில் பாய்ந்துவிடும். புதுக் காயில் மட்டும் போட்டால் கொஞ்ச நாளில் அதுவும் ஊறும். கேஸ்கட்டோடு சேர்த்து மாற்றுவதுதான் வேலை.

ஈரமான நாளில் மட்டும் மிஸ்ஸிங் அடித்து, வெயில் வந்ததும் சரியாகிவிடுகிறதா? பிளக் ஒயர்கள் உள்ள வண்டியில் இரவில் பானட்டைத் திறந்து, விளக்கை அணைத்து, எஞ்சின் ஓடும்போது எட்ட நின்று பாருங்கள். ஒயரில் விரிசல் இருந்தால் நீலப் பொறி ஓடுவது தெரியும். கையை உள்ளே விடாதீர்கள், ஆயிரக்கணக்கான வோல்ட் அது.

ஐடிலிங் ஏறி இறங்குகிறது, 'லீன்' கோடு வருகிறது

பழைய வண்டிகளில் மெக்கானிக்குகளை அதிகம் அலைக்கழிப்பது இதுதான் என்பது என் எண்ணம். பி0171, வி-வடிவ எஞ்சின் என்றால் கூடவே பி0174.

செயலியில் 'லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்' என்ற எண்ணைத் தேடுங்கள். ஈசியூ தன் கணக்கைவிட எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதை அது சதவீதத்தில் காட்டும். கூட்டல் குறி என்றால் கூடுதலாகக் கொடுக்கிறது. 10க்குள் இருந்தால் கவலையில்லை. 20, 25 என்று போனால் விளக்கு வந்துவிடும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு இந்த எண்ணை இரண்டு தடவை பாருங்கள்: ஒன்று ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலிங்கில், இன்னொன்று ரேஸ் கொடுத்து 2500 ஆர்பிஎம்மில் சில விநாடிகள் நிறுத்தி. ஐடிலிங்கில் 20 காட்டி, 2500இல் 5க்கு இறங்கினால் எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் இந்த ஓட்டைக் காற்று பெரிய பங்கு. ரேஸ் கொடுத்ததும் உள்ளே போகும் மொத்தக் காற்றும் பல மடங்கு கூடிவிடுவதால் ஓட்டையின் பங்கு சிறுத்துவிடும். இதற்கு நேர்மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து, வேகம் கூடக் கூட எண் ஏறினால் பெட்ரோல் போதவில்லை: ஃப்யூயல் ஃபில்டர் அடைப்பு, சோர்ந்துபோன பம்ப், அல்லது காற்றைக் குறைத்து அளக்கும் அழுக்கு மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார். அந்தச் சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவி, உலரவிட்டுப் பொருத்துங்கள். உள்ளே இருக்கும் கம்பி முடியைவிட மெல்லியது, துணியோ விரலோ பட்டால் அத்தோடு சரி.

மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இல்லாமல், இன்டேக்கில் உள்ள அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டிகளில் காற்றுக் கசிவு லீன் கோடாக வராமல், ஐடிலிங் வேகம் ஏறி நிற்பதாகவே தெரியலாம்.

என் வண்டிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பி0171. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள், ஒரு வாரம் அணைந்திருந்தது. இன்னொரு இடத்தில் திராட்டில் பாடியைக் கழுவினார்கள், நாலு நாள். இரண்டு முறையும் கோடை அழித்ததால்தான் விளக்கு அணைந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஃப்யூயல் ட்ரிம் ஐடிலிங்கில் 22, 2500இல் 6. சரி, காற்றுக் கசிவு என்று முடிவுசெய்து கண்ணுக்குத் தெரிந்த ஹோஸ்கள் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன், எல்லாம் நன்றாக இருந்தன. கடைசியில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தபோது, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்பும் பிசிவி வால்வில் இருந்து வரும் எல்-வடிவ ரப்பர் ஹோஸின் வளைவில் தூசி ஒட்டிய ஈரத் திட்டு ஒன்று தெரிந்தது. விரலால் அழுத்தினேன், வளைவின் அடிப்பக்கம் வாய் மாதிரி திறந்துகொண்டது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரப்பர் விறைப்பாக இருந்து விரிசலை மூடிவைத்திருக்கிறது; சூடாகி இளகியதும், உள்ளே இருக்கும் வெற்றிடம் இழுத்து விரிசலைத் திறந்திருக்கிறது. காலை வேளைகளில் வண்டியைக் காட்டியவரை யாருக்கும் அகப்படாததற்கு அதுதான் காரணம். ஹோஸை மாற்றிய பிறகு ட்ரிம் 3க்கு வந்தது.

கசிவைத் தேட வசதியான வழி ஸ்மோக் டெஸ்ட். இன்டேக்குக்குள் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்துவார்கள், ஓட்டை உள்ள இடத்தில் புகை நூலாக எழும். வீட்டில் செய்வதென்றால், ஓடும் எஞ்சினின் ஹோஸ் இணைப்புகளில் மெல்லிய நீர்த்தூவலை அடித்து ஐடிலிங் மாறுகிறதா என்று கேட்கலாம், கனெக்டர்கள் நனையாமல். கார்புரேட்டர் கழுவும் ஸ்ப்ரேயான கார்ப் கிளீனரை அடிக்கச் சொல்லும் பழைய யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் அது நெருப்பைக் கூப்பிடுவது.

பொய்யாக லீன் காட்டும் இரண்டு சந்தர்ப்பங்கள் உண்டு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு சென்சாரை ஏமாற்றும். ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து, சூடானதும் அது குறைகிறதா என்று கேளுங்கள். மிஸ்ஸிங் அடிக்கும் சிலிண்டரிலிருந்தும் எரியாத ஆக்சிஜன் வெளியே வரும். ஆக மிஸ்ஸிங் கோடும் லீன் கோடும் சேர்ந்து வந்தால் மிஸ்ஸிங்கை முதலில் முடியுங்கள். பெட்ரோல் வண்டியில் பிற்பாடு கேஸ் கிட் பொருத்தியிருந்தால், இரண்டு எரிபொருளிலும் ட்ரிம்மைத் தனித்தனியாகப் பாருங்கள். கேஸில் மட்டும் கோடு வந்தால் கிட்டின் டியூனிங்தான் பிரச்சினை, எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

பெட்ரோல் வாடை, கறுப்புப் புகை, மைலேஜ் சரிவு

பி0172 என்றால் 'ரிச்': பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. முதல் சந்தேகம் கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார் மேல். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவியை ஆன் செய்து, செயலியில் கூலண்ட் வெப்பத்தையும் உள்வரும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலண்ட் மட்டும் உறைபனியில் இருப்பதாகக் காட்டினால், ஈசியூ எஞ்சின் எப்போதும் குளிர்ந்திருப்பதாக நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும். அடுத்தது ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர்: அதில் ஒரு வெற்றிட ஹோஸ் இருந்தால் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. ஒழுகும் இன்ஜெக்டர் மூன்றாவது.

வண்டி பிரமாதமாக ஓடுகிறது, விளக்கு மட்டும் எரிகிறது

பி0442, பி0455, பி0456 எல்லாம் டேங்க்கில் இருந்து பெட்ரோல் ஆவி கசிகிறது என்பவை. டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூடியை மாற்றிய அன்றே விளக்கு அணையாது. இந்தச் சோதனையை ஈசியூ எஞ்சின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும்போதும், டேங்க் நிறைந்தோ காலியாகவோ இல்லாமல் நடுவாக்கில் இருக்கும்போதும்தான் நடத்தும். ஒரு வாரம் கூட ஆகலாம்.

பெட்ரோல் நிரப்பிய உடனே மட்டும் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறதா? டேங்க் ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கும். எஞ்சின் குளிர்ச்சியாக ஐடிலிங்கில் ஓடும்போது, டேங்க் பக்கமிருந்து வால்வுக்கு வரும் ஹோஸைக் கழற்றி வால்வின் வாயில் விரலை வையுங்கள். அந்த நேரத்தில் இழுவை இருக்கக் கூடாது.

பி0128 என்றால் தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது, எஞ்சின் சூடேற நேரமாகிறது. கூலண்ட் அளவைப் பார்த்துவிட்டுத் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். பி0135, பி0141 ஆக்சிஜன் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரைப் பற்றியவை. ஃப்யூஸைப் பார்த்த பிறகு, கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரால் ஹீட்டர் கம்பியை அளங்கள். சில ஓம்கள் காட்ட வேண்டும். தொடர்பே இல்லை என்று காட்டினால் சென்சாரை மாற்றலாம். இங்கே மட்டும் சென்சார்மேல் பழி போடுவது நியாயம்.

பி0420 வந்துவிட்டது, கன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறார்கள்

அவசரப்பட வேண்டாம். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னது 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் வேலை செய்தால் பின்னது ஏறக்குறைய அசையாமல் 0.6, 0.7 பக்கத்தில் நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே தாவினால் கன்வெர்ட்டர் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். சில வண்டிகளில் முன்னால் இருப்பது ஏர்-ஃப்யூயல் வகைச் சென்சார், அதன் எண்கள் வேறு மாதிரி இருக்கும். அங்கே பின்னதை மட்டும் கவனித்தால் போதும்.

எக்ஸாஸ்ட் கசிவு இருந்தால் அதை அடைத்துவிட்டு மறுபடி அளக்கவும். கன்வெர்ட்டர் உண்மையிலேயே போயிருந்தால் அது ஏன் போனது என்பதையும் கண்டுபிடித்தாக வேண்டும். மிஸ்ஸிங், ரிச், ஆயில் குடிக்கும் எஞ்சின் ஆகிய மூன்றில் ஒன்றைச் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் அதையும் எஞ்சின் தின்றுவிடும்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோடுகள் கொத்தாக வருகின்றன

ஐந்து சென்சார் ஒரே நாளில் சாகாது. பேட்டரியைப் பாருங்கள்: எஞ்சின் அணைந்து சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் அருகே, ஓடும்போது 13.5 முதல் 14.5க்குள். அது சரி என்றால் எர்த் ஒயர். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்துவிட்டு இறுக்குங்கள். எலி கடித்த தடமும் தேடிப் பாருங்கள். ஒயர் கற்றையின் டேப்புக்கு அடியில் ஒரே ஒரு இழை பாதி அறுந்திருந்தாலும் போதும், குண்டு குழியில் இறங்கும்போதெல்லாம் ஒரு புதுக் கோடு வரும்.

சரிசெய்தாகிவிட்டது, இன்னும் எரிகிறது

பெரும்பாலான கோளாறுகளை ஈசியூ ஒரு ஓட்டத்தில் (ஸ்டார்ட் செய்து, ஓட்டி, அணைப்பது வரை) கண்டதும் பெண்டிங்கில் போட்டு, அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் விளக்கை ஏற்றும். அணைக்கவும் அதே நிதானம்தான்: தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் சோதனை தேற வேண்டும். ஆகவே சரிசெய்த மறுநாளே 'போச்சு' என்று முடிவுகட்டாதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி அணைப்பதும் வேண்டாம். ஈசியூ பழகிவைத்திருந்த ஐடிலிங் கணக்கும் அதோடு மறந்துபோய், இல்லாத நடுக்கம் ஒன்று புதிதாக வரும்.

விளக்கு வரவே இல்லை

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் வைத்தால் அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆன் நிலையிலேயே இருட்டாக இருந்தால் பல்பு எரிந்துபோயிருக்கலாம், யாரோ கழற்றியும் இருக்கலாம். விளக்கு ஒழுங்காக வந்து போனாலும் ஸ்கேனரைச் செருகி 'ரெடினஸ்' பக்கத்தைத் திறங்கள். பெரும்பாலான சோதனைகளுக்கு எதிரே 'முடியவில்லை' என்று இருந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் கோடு அழிக்கப்பட்டிருக்கிறது, அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கிறது. விற்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். இன்னும் சில நாள் ஓட்டிய பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.